‘ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர்’ ஆர்கேட் போர்டு: ஆன் செய்தால் வெறும் பச்சைத் திரை, காப்பாற்ற வழி உண்டா?

ஜொகூர்க்காரன்:

வணக்கம் நண்பர்களே. ஜப்பானிய கேம் கம்பெனியான காப்காமின் சி.பி.எஸ்-2 வகை ஆர்கேட் போர்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. 1994இல் வந்த ‘ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர்’. சாம்பல் நிற உறை, அதாவது ஆசியப் பதிப்பு. மூடிவிட்ட ஓர் ஆர்கேட் கடையின் பழைய சரக்கிலிருந்து வாங்கினேன். வாங்கிய நாளில் அருமையாக ஓடியது. அப்புறம் வீடு மாறியதால் கொஞ்ச காலம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. இப்போது கேபினட்டில் (திரையும் பட்டன்களும் உள்ள ஆர்கேட் பெட்டி) மாட்டி ஆன் செய்தால் திரை முழுக்க ஒரே பச்சை. எழுத்து இல்லை, சத்தம் இல்லை.

கேபினட்டில் கோளாறு இல்லை. அதே ஜாமா இணைப்பில் (போர்டையும் கேபினட்டையும் சேர்க்கும் பொதுவான இணைப்பு) வேறொரு கம்பெனியின் போர்டு நன்றாக ஓடுகிறது.

இந்த வகைப் போர்டுகளில் ‘தற்கொலை பேட்டரி’ என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன். புது பேட்டரி வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா? பழுது பார்க்கும் கடையில் கேட்டதற்கு, இதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆயிரம் கேம் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் மனமில்லை. அந்தக் காலத்தில் இந்த கேம் வீட்டு கன்சோல் எதற்கும் வரவில்லை. அதிகாரபூர்வமாக வீட்டுக்கு வந்ததே 2019இல்தான். மூன்று பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு விளையாடிய அதே போர்டு மறுபடி ஓட வேண்டும்.

கிள்ளான் ரெட்ரோ:

தம்பி, தயவுசெய்து போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பச்சையோ நீலமோ ஒரே நிறத்தில் திரை நின்றால் பேட்டரி மீதுதான் முதல் சந்தேகம். ஆனாலும் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில், போர்டு மாட்டியிருக்கும்போதே ஜாமா விளிம்பில் 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று அளந்து பாருங்கள். வேறு போர்டு ஓடுகிறது என்பதால் பவர் சப்ளை நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது, சி.பி.எஸ்-2 அதிக மின்சாரம் இழுக்கும். சுமை ஏறியதும் 4.7, 4.6 என்று இறங்கினால் அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்து, இது இரண்டு தட்டுகளாக வரும். அடியில் ‘ஏ’ போர்டு, மேலே கேம் இருக்கும் ‘பி’ போர்டு. தெரிந்தவர் யாரிடமாவது வேறு சி.பி.எஸ்-2 கேம் இருந்தால், அவருடைய ‘பி’ போர்டை உங்கள் ‘ஏ’ போர்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஓடினால் கோளாறு உங்கள் ‘பி’ போர்டில்தான். கழற்றும்போது நேராக மேலே தூக்க வேண்டும். ஒரு பக்கமாக நெம்பினால் இணைப்பு ஊசிகள் வளைந்துவிடும்.

பேட்டரி ‘பி’ போர்டில் இருக்கிறது, 3.6 வோல்ட் லித்தியம். மல்டிமீட்டரில் எவ்வளவு காட்டுகிறது, அடியில் ஏதாவது பூத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஜொகூர்க்காரன்:

நன்றி அண்ணா. 5.02 வோல்ட் வருகிறது, ஆன் செய்த பிறகும் இறங்கவில்லை. பேட்டரியில் 1.1 வோல்ட்தான். அதன் ஒரு முனையில் வெள்ளையும் பச்சையுமாகத் தூள் பூத்திருக்கிறது. பக்கத்தில் போகும் மெல்லிய செம்புத் தடம் ஒன்று கறுத்திருக்கிறது. புது பேட்டரிக்கு ஆர்டர் போட்டுவிடட்டுமா?

சாலிடர் வாசனை:

போடுங்கள், ஆனால் பேட்டரி மட்டும் மாற்றினால் கேம் வராது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரோம் என்னும் நிலையான நினைவகச் சிப்புகளில் இருக்கும் கேமின் நிரல் பூட்டப்பட்ட வடிவில் இருக்கிறது. போர்டில் உள்ள 68000 பிராசசர் அதை ஓட்ட வேண்டுமென்றால் ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி ரோமில் இல்லை. காப்காமின் சொந்தச் சிப்புக்குள் ஒரு சின்ன நினைவகத்தில் இருக்கிறது. மின்சாரம் நின்றால் அந்த நினைவகம் அழிந்துவிடும், அதற்காகத்தான் பேட்டரி. திருட்டுப் பிரதி எடுப்பவர்களைத் தடுக்க 1993இல் ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ உடன் வந்த ஏற்பாடு இது. பேட்டரி தீர்ந்ததும் சாவி போய்விடும், பிராசசருக்குக் கிடைப்பதெல்லாம் குப்பை. கேமின் படங்களும் இசையும் ரோம்களில் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குப் பூட்டே கிடையாது.

நல்ல செய்தி, இந்தப் பூட்டைத் திறந்துவிட்டார்கள். 2001இல் சி.பி.எஸ்-2 ஷாக் என்ற ஆர்வலர் குழு முதல் வழியைக் கண்டுபிடித்தது. 2007இல் ஆண்ட்ரியாஸ் நைவேவும், ஆர்கேட் கேம்களைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேட்டரைத் தொடங்கிய நிக்கோலா சால்மோரியாவும் பூட்டின் கணக்கையே முழுதாக உடைத்தார்கள். 2016இல் எட்வர்டோ க்ரூஸ், போர்டில் எதையும் மாற்றாமல் அசல் சாவியைத் திரும்ப எழுதும் முறையை வெளியிட்டார். இறந்த போர்டுகளை அசல் நிரலோடு நாமே ஓட வைக்க முடிந்தது அதற்கப்புறம்தான்.

பழையபோர்டு:

இவ்வளவு சிரமம் எதற்கு? ‘ஃபீனிக்ஸ்’ ரோம் போடலாமே. பூட்டு நீக்கிய நிரலை 27சி4096 ஈப்ராமில் (நாமே நிரலை எழுதக்கூடிய சிப்) எழுதி, பழைய நிரல் ரோம்களை எடுத்துவிட்டு மாட்டினால் முடிந்தது. பேட்டரியே வேண்டாம். பல வருடங்களாக என் போர்டுகளில் அதுதான் ஓடுகிறது.

சாலிடர் வாசனை:

ஓடும், அதை மறுக்கவில்லை. 2016க்கு முன்னால் நம்மைப் போன்றவர்களுக்கு அது ஒன்றே வழி. அதனால் எத்தனையோ போர்டுகள் குப்பைக்குப் போகாமல் தப்பின. ஆனால் அதில் ஓடுவது திருத்திய நிரல். ஆன் செய்ததும் ஃபீனிக்ஸ் படம் வரும். கழற்றிய அசல் ரோம்கள் நாளடைவில் எங்காவது தொலைந்தும் போகும். அசலையே மீட்க வழி இருக்கும்போது அதைத்தான் முதலில் முயல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழைய இயந்திரத்தில் நாம் செய்யும் எந்த வேலையும் நாளை இன்னொருவர் பிரித்து எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

கிள்ளான் ரெட்ரோ:

நானும் அதையே சொல்வேன். ஆனால் தம்பி, சாவிக்கு முன்னால் அந்தக் கசிவைக் கவனியுங்கள். அது நாளுக்கு நாள் செம்பைத் தின்னும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நியோ ஜியோ என்ற வேறு வகை ஆர்கேட் போர்டில் பேட்டரி கசிந்தால் வினிகர் தடவச் சொல்வார்கள். அது நிக்கல்-காட்மியம் பேட்டரி, கசிவு காரத்தன்மை உள்ளது, அதனால் அமிலம் போட்டுச் சமன் செய்கிறார்கள். உங்களுடையது லித்தியம் தயோனில் குளோரைடு வகை. அந்தக் கசிவு ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகும். வினிகர் ஊற்றினால் கேடுதான். சமையல் சோடாவைத் தண்ணீரில் லேசாகக் கரைத்து, மெல்லிய பிரஷ்ஷால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி, கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு நன்றாகக் காயவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பேட்டரியைப் பிடுங்கி இழுக்காதீர்கள். முதலில் எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஈயம் சட்டென்று உருகாது. அதன் மேல் கொஞ்சம் புது ஈயம் வைத்துச் சூடாக்கினால் கால் தானாகக் கழன்று வரும். துளையின் உள்பூச்சு பிய்ந்துவிட்டால் அதைச் சரிசெய்வது இன்னொரு வேலை.

ஜொகூர்க்காரன்:

சுத்தம் செய்துவிட்டேன். கறுத்திருந்த தடத்தை இரு முனையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், பீப் சத்தம் வரவில்லை. தடம் அறுந்திருக்கிறது. மேல்பூச்சைச் சுரண்டியதும் உள்ளே செம்பு மாவாக உதிர்ந்தது.

சாவி எழுத என்னென்ன வேண்டும்?

சாலிடர் வாசனை:

முதலில் அறுந்த தடத்துக்கு மெல்லிய கம்பியால் பாலம் போடுங்கள். பளபளப்பான செம்பு தெரியும் வரை இரு பக்கமும் போய், அங்கே பற்ற வையுங்கள். கறுத்த இடத்தில் ஈயம் ஒட்டாது.

சாவிக்கு ‘பி’ போர்டில் சி.என்.9 என்று அச்சிட்ட இணைப்பு இருக்கிறது. அதன் வழியாகத்தான் எழுத வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆர்டுவினோ என்ற, நாமே நிரல் எழுதி இயக்கக்கூடிய சின்ன மின்னணுப் பலகை. சாவியை ஒருமுறை எழுதிவிட்டால், அதைக் காப்பது பழையபடி பேட்டரியின் வேலை. அதனால் புது பேட்டரியை முதலிலேயே போட்டுவிட வேண்டும். இன்னொன்று, இன்ஃபினிகீ என்ற குட்டிப் பலகை. அது சி.என்.9 மேல் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சாவியை எழுதும். பேட்டரியே தேவையில்லை.

எந்த வழியானாலும் பதிப்பைக் கவனியுங்கள். ஜப்பான் பதிப்புக்கு ஒரு சாவி, ஆசியாவுக்கு வேறு. உறையின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். இத்தனை வருடத்தில் யாராவது உறையை மாற்றியிருக்கலாம். ரோம் சிப்பின் மேல் ஒட்டியுள்ள லேபிளைப் பாருங்கள்.

ஜொகூர்க்காரன்:

நண்பர்களே, ஓடுகிறது!

லேபிளும் ஆசியப் பதிப்பு என்றே சொன்னது. தடத்துக்குப் பாலம் போட்டு, பேட்டரியை நேராகப் பலகையில் வைக்காமல் இரண்டு ஒயர் இழுத்து உறையின் ஓரத்தில் ஒரு ஹோல்டரில் வைத்தேன். மறுபடி கசிந்தாலும் போர்டில் படாது. ஆர்டுவினோவில் சாவி எழுதி, அணைத்துவிட்டு ஆன் செய்தேன். பச்சைத் திரை போய் கேமின் அறிமுகக் காட்சி வந்தது. டெஸ்ட் மெனுவில் சத்தமும் சரி. இன்ஃபினிகீக்கும் ஆர்டர் போட்டிருக்கிறேன், வந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுவேன்.

புது வரவு:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என்னிடம் இருக்கும் ‘எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ போர்டும் சி.பி.எஸ்-2தான், அது இன்னும் பழைய பேட்டரியிலேயே நன்றாக ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

கிள்ளான் ரெட்ரோ:

விடாதீர்கள். சாவி போனால்கூட இப்போது திரும்ப எழுதிக்கொள்ளலாம். கசிந்து தடத்தைத் தின்றுவிட்டால்தான் சேதம் பெரிது. இந்த வாரமே உறையைத் திறந்து பேட்டரியின் இரு முனையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி உறையின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். உங்களுக்குப் பிறகு அதை வாங்குபவருக்கும் அது தெரிய வேண்டும்.