ஹெர்னானியைத் தாக்கிய அலையைக் கணினி மாதிரிகள் ஏன் காட்டவில்லை?

கரைவாசி:
2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் பிலிப்பைன்ஸைத் தாக்கியபோது, கிழக்குச் சமார் மாகாணத்தின் ஹெர்னானியில் எடுக்கப்பட்ட காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஆழிப்பேரலையைப் போல நுரைத்து வந்த நீர்ச்சுவர் ஒன்று எதிரே இருந்த வீட்டைப் பெயர்த்துச் செல்கிறது. அவ்வூரின் முன்னால் பவளத்திட்டு உண்டு. அதைத் தாண்டியதும் கடல் சட்டென்று ஆழமாகிவிடுகிறது. ஆழம் குறைந்த கடலில்தான் புயலால் நீர்மட்டம் பெரிதாக உயரும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் அந்த அலை எங்கிருந்து வந்தது?

அலைமானி:
நீங்கள் படித்தது சரிதான். காற்று தள்ளுவதால் ஏறும் நீரின் உயரம் ஆழத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. அதனால்தான் ஆழமற்ற சான் பெட்ரோ விரிகுடாவின் உட்கோடியில் உள்ள தக்லோபான் நகரில் நீர் ஐந்து மீட்டர் அளவுக்கு ஏறியது. காற்றழுத்தம் ஒரு ஹெக்டாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறைந்தால் கடல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். ஹையானின் மைய அழுத்தம் 895 ஹெக்டாபாஸ்கல், அதாவது இயல்பைவிட நூற்றுக்குச் சற்று மேல் குறைவு, என்று மதிப்பிடப்பட்டதால், மையத்திலேயே அந்த உயர்வு ஒரு மீட்டரைச் சற்றே தாண்டியிருக்கும்.

ஹெர்னானியில் நடந்தது வேறு. வோல்கர் ரோபரும் ஜெரெமி பிரிக்கரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு அதை விளக்குகிறது. புயலலைகள் கூட்டம் கூட்டமாக வருபவை. உயர்ந்த அலைகளின் கூட்டம் திட்டின் விளிம்பில் உடையும்போது உள்ளே நீர்மட்டம் ஏறுகிறது. தணிந்த அலைகள் வரும்போது இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கமே நிமிடக் கணக்கில் நீளும் ஓர் அலையாகி, திட்டின் மேல் செங்குத்தாக எழுந்து கரையில் மோதியது. வழக்கமான நாள்களில் ஊரைக் காக்கும் திட்டு, அன்று அந்த அலை உருவாக இடம் கொடுத்துவிட்டது.

வலைக்கட்டம்:
மாதிரிகளைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். கடலலைகளை முன்கணிக்கப் பயன்படும் ஸ்வான், வேவ்வாட்ச் போன்ற கணினி மாதிரிகள் ஒவ்வோர் அலையையும் தனித்தனியே கணிப்பதில்லை. அலைகளின் ஆற்றல் எவ்வாறு பரவியிருக்கிறது என்ற சராசரியையே தருகின்றன. பரந்த கடலுக்கு அதுவே போதும், ஆனால் அந்தச் சராசரியில் அலைக்கூட்டத்தின் ஏற்ற இறக்கம் மறைந்துவிடுகிறது. அலையை அலையாகவே பின்தொடரும் பூசினெஸ்க் வகை மாதிரிகளுக்கோ கடற்பரப்பைச் சில மீட்டர் அளவுள்ள கட்டங்களாகப் பிரிப்பதும், திட்டின் துல்லியமான ஆழ அளவீடும் வேண்டும்.

கரைவாசி:
புயல் நெருங்கும் சில மணி நேரத்தில் பூசினெஸ்க் மாதிரியைக் கணினியில் ஓட்டி முடிக்க இயலுமா?

வலைக்கட்டம்:
நீண்ட கடற்கரை முழுவதற்கும் அது கடினம். வெவ்வேறு அலை உயரங்களுக்கும் நீர்மட்டங்களுக்கும் முன்கூட்டியே ஓட்டி, விடைகளை அட்டவணையாக வைத்துக்கொள்வது ஒரு வழி; புயல் நாளில் வேவ்வாட்ச் தரும் அலை உயரத்தைக் கொண்டு அந்த அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். ஆழ அளவீடு பழையதாக இருந்தால் மட்டும் அட்டவணையை நம்ப வேண்டாம்.