புதுப்பிப்பு: பழைய டீசல் பிக்கப்பில் காற்று புகுந்த இடம்

காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது, பாரத்தோடு மேடு ஏறினால் இழுவை போகிறது, டீசல் ஃபில்டர் மாற்றியும் பயனில்லை என்று எழுதியிருந்தேன். பலர் இன்ஜினுக்கு டீசல் கொடுக்கும் பம்பைக் கழற்றச் சொன்னீர்கள். நல்லவேளை, கழற்றவில்லை.

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் மாட்டினேன். டீசலோடு காற்றுக் குமிழ்கள் ஓடின. டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, ஃபில்டருக்குக் கேனிலிருந்து நேரடியாக டீசல் கொடுத்தேன். குமிழ் நின்றது, வண்டியும் சீராக ஓடியது. சரி, கோளாறு டேங்க் பக்கம்தான்.

டேங்க் அருகே, கிளிப்புக்கு அடியில் ரப்பர் ஹோஸில் வெடிப்பு. சொட்டு டீசல்கூட வெளியே கசியவில்லை. அது பம்ப் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் பக்கம், வெடிப்பு வழியாகக் காற்றைத்தான் உள்ளே இழுக்கும். புது டீசல் ஹோஸ், புது கிளிப். அப்புறம் ஹேண்ட் பம்பை (கையால் அடித்து லைனில் டீசல் நிரப்பும் சின்ன பம்ப்) அடித்துக் காற்றை வெளியேற்றினேன்.

இப்போது பாரத்தோடும் மேடு ஏறுகிறது. டேங்கில் அடிமண்டி கிடக்கிறது. அது அடுத்த வேலை.