கூட்டுத் தலைவி ஊரைவிட்டுப் போன பிறகு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பெண்கள் சேர்ந்து மாதக் கூட்டு பிடிப்பது, தோட்டத்து லயங்களில் குடியிருந்த காலத்திலிருந்தே தொடர்ந்து வரும் வழக்கம். எல்லோரும் மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்ட, சேர்ந்த பணத்தை முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்வார். முதலில் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன். கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு. ஆகவே, வரிசையில் பின்னால் இருப்பவரே மற்றவர்களை அதிகம் நம்பியாக வேண்டியவர். கூட்டைத் தொழிலாக நடத்துவதை மலேசியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதனால், பணம் போனால் புகார் கொடுக்கவும் பலர் தயங்குவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கூட்டுத் தலைவி பணத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். பணத்தைவிட, பிள்ளைகளின் கல்யாணத்தில் முன்னின்று பரிமாறியவர் இப்படிச் செய்துவிட்டாரே என்பதுதான் பலரை வாட்டியது. அனெட் பையர் என்ற மெய்யியலாளர் 1986இல் எழுதிய கட்டுரையில், ஒன்றைச் சார்ந்திருப்பதையும் ஒருவரை நம்புவதையும் பிரித்துக் காட்டினார்: சார்ந்திருந்தது தவறினால் ஏமாற்றம், நம்பியவர் தவறினால் துரோகம். பேருந்து வராவிட்டால் நாம் சலித்துக்கொள்கிறோம். அதற்காக யாரும் இரவெல்லாம் அழுவதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது வீட்டு அத்தை தம் முறைப் பணத்தை முன்பே எடுத்துவிட்டவர். தலைவியே இல்லாத நிலையில் அவர் கட்டாமல் இருந்திருந்தால் கேட்க ஆளில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு மாதமும், இன்னும் எடுக்காதவர்களின் வீடுகளுக்கே சென்று தம் பங்கைப் பிரித்துக் கொடுத்துவந்தார். என் தாயார் காரணம் கேட்டபோது, "நான் எடுத்தது அவ காசா? உங்க காசுதானே!" என்றார்.

நாங்கள் தலைவியை நம்பியதாகவே எண்ணியிருந்தோம். உண்மையில் ஒருவரை ஒருவர் நம்பியிருந்தோம் என்பதை அத்தைதான் புரியவைத்தார். துண்டாடி விற்கப்பட்டுவந்த தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாக (அன்றைய டாலர்) கட்டி 100 வெள்ளிப் பங்கை வாங்கினார்கள். அவர்கள் அவரை நம்பினார்கள் என்று மட்டும் சொல்வது பாதி உண்மை என்றே நான் கருதுகிறேன். அடுத்த லயத்துக்காரரும் கட்டுவார் என்ற நம்பிக்கை இல்லாமல் எந்தத் தோட்டத்தையும் வாங்கியிருக்க முடியாது.

அத்தையைப் பார்த்து, முன்பே எடுத்திருந்த வேறு இருவரும் கட்டத் தொடங்கினார்கள். மற்றவர்கள் கட்டவில்லை. அவர்களோடு இன்றும் பேசுகிறோம், கோயிலில் ஒன்றாக நிற்கிறோம். கொடுக்கல் வாங்கல் மட்டும் கிடையாது.