தசமபாகம் பத்தி வசனம் தெரிஞ்சவங்க உதவி பண்ணுங்க ப்ளீஸ்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க அம்மா விதவை, குடும்ப பென்ஷன்லதான் ஓடுது. பணம் வந்த அன்னைக்கே பத்துல ஒரு பங்கை தசமபாகமா எடுத்து சபை கவர்ல போட்டு பைபிளுக்குள்ள வச்சிடுறாங்க, அப்புறம் மாசக் கடைசில ஷுகர் மாத்திரையை பாதியா உடைச்சு போடுறாங்க, கேட்டா மல்கியா 3 சொல்றாங்க, தசமபாகம் கொடுக்காம தேவனை வஞ்சிக்கக் கூடாதுன்னு.

நான் படிச்ச வரைக்கும் உபாகமம் 14:28-29ல மூணாவது வருஷ தசமபாகம் லேவியனுக்கு (ஆலய ஊழியம் செஞ்ச கோத்திரத்தார்) மட்டும் இல்ல, பரதேசி (அந்நியர்), திக்கற்ற பிள்ளை, விதவைக்கும்தான் போகுது. அப்போ விதவை வாங்க வேண்டிய இடத்துல இருக்காங்க, இல்லையா? எனக்கு இதுதான் மனசுல உறுத்துது. நியாயப்பிரமாணத்துக்கு (மோசே மூலமா இஸ்ரவேலருக்குக் கொடுத்த சட்டம்) முன்னாடியே ஆபிரகாம் கொடுத்தாரேன்னு பாஸ்டர் சொல்றாரு, ஆனா எபிரெயர் 7:4 பாத்தா அது யுத்தத்துல கிடைச்ச கொள்ளைப் பொருள்ல கொடுத்தது, மாசாமாசம் கொடுத்ததா எங்கயும் இல்ல. மத்தேயு 23:23ல இயேசு தசமபாகத்தை விடச் சொல்லலைங்கிறதும் தெரியும், ஆனா அது நியாயப்பிரமாணத்துக்குக் கீழ இருந்த பரிசேயர்ங்கிற யூத மதப் பிரிவினர்கிட்ட சொன்னது, அதை இன்னைக்கு சபைக்கு எப்படி எடுத்துக்கணும்?

காணிக்கையே வேண்டாம்னு நான் சொல்லல. 2 கொரிந்தியர் 9:7ல "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல"ன்னு இருக்குல்ல, அது போதாதா? அம்மா விசுவாசம் புண்படாம இதை எப்படி எடுத்துச் சொல்றது, பாஸ்டர்கிட்ட நேர்ல பேசலாமா? தசமபாகம் கட்டாயம்னு நம்புறவங்களும் வசனத்தோட பதில் போடுங்க, அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும்.