ஜம்ப் ஸ்கேர்: தமிழ்ச் சொல் தேவை (அவசரம்)

செ. எழுதியது:
அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். எங்கள் கல்லூரித் திரைப்பட விழாவுக்காக, 1922இன் 'நொஸ்ஃபெராட்டு' தொடங்கிச் சிறந்த திகில் படங்களை வரிசைப்படுத்திக் கையேடு தயாரிக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பார்ப்பவரைச் சட்டென்று பதறவைக்கும் உத்தியான 'ஜம்ப் ஸ்கேர்' மட்டும் இடறுகிறது. மாணவர் ஒருவர் 'குதிபயம்' என்று எழுதியிருக்கிறார்; அதை அச்சேற்ற மனம் வரவில்லை. 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் இரவில் ஒருத்தி தனியே நடக்கிறாள். பின்தொடர்ந்த காலடி ஓசை நின்றுவிடுகிறது. சட்டென்று ஒரு சீறல். சிறுத்தையோ என்று பதறினால், வந்து நிற்பது பஸ்! இந்த உத்திக்குத்தான் பெயர் வேண்டும்.

ந. எழுதியது:
'பேம்நாம் உரும்என வரூஉம் கிளவி ஆமுறை மூன்றும் அச்சப் பொருள' என்பது தொல்காப்பிய உரியியல்; பேம், நாம், உரும் மூன்றுமே அச்சத்தைக் குறிக்கும். உரும் என்றால் இடியும்தான். ஓசையும் அச்சமும் ஒரே சொல்லில் அமைந்திருக்க, வேறெங்கே தேடுவது? 'உருமுக்காட்சி' என்று எழுதுங்கள்.

மீ. எழுதியது:
ஐயா, நான் திரைக்கு வசன வரிகள் எழுதுகிறவள். ஒரு வரி சில நொடிகளே நிற்கும். 'உருமுக்காட்சி' என்றால் உருமாற்றம் என்றே படிப்பார்கள். துணுக்குறுவதிலிருந்து 'துணுக்கு' என்று எடுக்கவும் வழியில்லை. அதை வார இதழ்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. 'திடுக்கீடு' போதும்.

த. (யாழ்ப்பாணம்) எழுதியது:
திடுக்கீடு பார்ப்பவருக்கு நேர்வது. இயக்குநர் செய்வதற்கல்லவா பெயர் கேட்கிறார்கள்? உருள், உருட்டு போல வெருள் (அஞ்சு), வெருட்டு (அஞ்சவை). பிறவினை தெளிவாக இருக்கிறது. எங்கள் ஊரில் குழந்தைகூட 'வெருட்டாதே' என்று சொல்லும். வயலில் நிற்பது வெருளி.

மீ. எழுதியது:
தமிழ்நாட்டில் அதை 'விரட்டு' என்பதன் அச்சுப்பிழையாக நினைத்துத் திருத்திவிடுவார்கள், அண்ணா.

ந. எழுதியது:
ஒரு நாட்டாருக்குத் தெரியவில்லை என்பதற்காகச் சொல்லைக் கைவிடுவதா? இருக்கட்டும். படங்களின் வரிசையையே தொல்காப்பிய மெய்ப்பாட்டியல்படி அமைக்கலாம். 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.' அணங்குக்கு, அதாவது பேய் போன்றவற்றுக்கு, 1973இன் 'எக்ஸார்சிஸ்ட்'. விலங்குக்கு 1975இன் 'ஜாஸ்'. முகமூடிக் கொலையாளி வரும் 1978இன் 'ஹாலோவீன்' கள்வர் வகை. 'தம் இறை' என்பதைக் குடும்பத் தலைவன் என்று கொண்டால், தந்தையே கோடரியோடு துரத்தும் 1980இன் 'ஷைனிங்' அங்கே வந்து அமர்கிறது!

க. எழுதியது:
இந்தப் பகுப்பு அருமை. ஆனால் என் கணக்கில் முதலிடம் 1961இன் 'இன்னொசன்ட்ஸ்' படத்துக்கு. ஏரிக்கரை நாணலுக்கிடையே கறுப்பு உடையில் ஒருத்தி அசையாமல் நிற்கிறாள். எதுவும் நம்மீது பாயவில்லை, ஆனாலும் முதுகு சில்லிடுகிறது. 1976இன் 'கேரி' முடிவில் புதைகுழியிலிருந்து கை நீளும்போது வேறொன்று நிகழ்கிறது: தூக்கிவாரிப்போடுகிறது. முன்னது அச்சம், பின்னது திடுக்கீடு. கையேட்டில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடக் கூடாது. அதனால் உரும் வேண்டாம். அது அச்சத்தையே குறிக்கிறது.

செ. எழுதியது:
அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். மீ., க. இருவர் பக்கம் சாய்கிறேன்: 'திடுக்கீடு'. ந. ஐயாவின் நால்வகைப் பகுப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறோம்.

த. எழுதியது:
அச்சிடுங்கள். ஆனால் 'இயக்குநர் திடுக்கீடு செய்கிறார்' என்று எழுத நேரும்போது அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். நான் வெருட்டு என்றே எழுதுவேன்.