ஒபாமாவுக்கு 52, எமி குளோபுச்சாருக்கு 65: மினசோட்டாவில் இது எப்படி?

தேர்தல்பித்தன்:
பழைய அமெரிக்க செனட் முடிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 2012 அதிபர் தேர்தலில் மினசோட்டா மாநிலத்தில் ஒபாமா வாங்கியது 52.65 சதவீதம். அதே நாள், அதே ஜனநாயகக் கட்சி, அப்போதே செனட்டராக இருந்த எமி குளோபுச்சார் 65-ஐத் தாண்டியிருக்கிறார். 87 கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 85 அவருக்கு! ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி ராம்னிக்குப் போட்டவர்களே இந்தம்மாவுக்கும் போட்டார்களா? அங்கே இருப்பவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்.

வடக்குக்குளிர்:
போட்டார்கள் ஜி. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரே சாட்சி. வாசல் புல்தரையில் ராம்னி பலகை நட்டிருந்தவர், செனட்டுக்கு மட்டும் "எமிதான்" என்றார். ஏன் என்று கேட்டால் ஒரே வார்த்தை: பாலம்.

ஸ்டில்வாட்டர் ஊரில் 1931-ல் திறந்த தூக்குப் பாலம் ஒன்று உண்டு. அப்போதெல்லாம் கார்கள் அதில்தான் போயின; படகுக்காக நடுப்பகுதி மேலே ஏறும்போதெல்லாம் ஊருக்குள் வரிசைகட்டி நின்றன. புதுப்பாலம் கட்ட ஆற்றுப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நின்றது. விலக்கு கேட்டு செனட்டில் மசோதா கொண்டுவந்தவர் எமி. கீழவையில் அதற்கு முன்னின்றவர் யார் தெரியுமா? குடியரசுக் கட்சியின் தீவிர வலதுசாரி அணியான டீ பார்ட்டி புகழ் மிஷெல் பாக்மன்! எதிர்த்தவர் எமியின் சொந்தக் கட்சிக்காரரான கீழவை உறுப்பினர் பெட்டி மெக்காலம். 2012 மார்ச்சில் ஒபாமா கையெழுத்துப் போட்டார், நவம்பரில் தேர்தல். பெரியவர் வேறென்ன செய்வார்?

எதிராளியும் சோதா. கர்ட் பில்ஸ், பள்ளியில் பொருளாதாரம் நடத்தும் வாத்தியார். மாநில அவைக்கே அதுதான் முதல் தடவை. குடியரசுக் கட்சிக்குள் ரான் பால் என்ற தலைவரின் கோஷ்டி பலத்தில் வேட்பாளர் ஆனவர். முன்னாள் கவர்னர் பாலென்டி மாதிரி பெரிய தலைகள் களத்துக்கே வரவில்லை.

இன்னொன்று, இங்கே காகித ஓட்டுச்சீட்டுதான். ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகப் பேனாவால் வட்டத்தை நிரப்ப வேண்டும். ஒரே குறியில் கட்சி முழுவதற்கும் போடும் வசதி கிடையாது, அதனால் கட்சி மாற்றிப் போடுவது சுலபம்.   

கணக்குப்பிள்ளை:
பாலம் ஒரு மூலையின் கதை சார், 85 கவுண்டிக்கும் அது போதுமா? 2018-ல் 60, 2024-ல் 56 என்று இறங்கிக்கொண்டேதானே போகிறார்?

வடக்குக்குளிர்:
இறங்கியது உண்மைதான். ஆனால் வருடா வருடம் 87 கவுண்டிக்கும் போய்வரும் ஆள் அவர், அதில் மாற்றமில்லை. மாறியது எங்கள் பெரியவர். இப்போது மேலிருந்து கீழ்வரை ஒரே கட்சிதான், எமி பெயரை எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுவார்.

அப்படியும் 2018-ஐப் பாருங்கள். 2016-ல் ட்ரம்ப் ஜெயித்த 78 கவுண்டிகளில் 42 எமிக்கு வந்தன. அதே நாள், அதே கட்சியின் டீனா ஸ்மித்தும் செனட்டுக்கு நின்றார். அவருக்குக் கிடைத்தது 53 சதவீதம்தான். அதைக் கட்சி ஓட்டு என்று வைத்துக்கொண்டால், மீதி 7 இந்தம்மாவின் சொந்தச் சம்பாத்தியம்.

தேர்தல்பித்தன்:
ஒரே நாளில் இரண்டு செனட் இடமா?

வடக்குக்குளிர்:
ஆமாம். மினசோட்டாவின் இன்னொரு செனட்டர் அல் ஃப்ராங்கன் ராஜினாமா செய்ததால் வந்த இடைத்தேர்தல் அது. ஒரே சீட்டில் இரண்டு போட்டியும் இருந்தன.