பிக்காசோவின் நீலமும் வேலையில்லாப் பயமும்

கரித்துண்டு: "வேலை, கடன், கல்யாணம் என்று பயப்படும் இளைஞர்கள் தூரிகையை எடுத்தால் போதும். பிக்காசோ பெரும்பாலும் நீலத்திலேயே தீட்டிய 'நீலக் காலமே' வறுமையில் பிறந்ததுதான்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1901 பிப்ரவரியில் பிக்காசோவின் நண்பர் காசாகெமாஸ் பாரிஸில் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். நீலம் அதில் வந்தது. பிக்காசோவே பின்னாளில் அப்படித்தான் சொன்னார்.

வண்ணக்குழம்பு: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். பிக்காசோவின் 'நீல அறை' ஓவியத்துக்கு அடியில், கன்னத்தில் கைவைத்தபடி ஒரு ஆள் இருப்பது அகச்சிவப்புப் படத்தில் தெரிந்ததே, 2014இல் செய்தியாக வந்ததே, பார்க்கவில்லையா? புது கேன்வாஸ் வாங்கக் காசில்லாதவர்தான் பழையதன் மேல் தீட்டுவார்.

கரித்துண்டு: பிடிக்காத படத்தின் மேல் தீட்டாத ஓவியர் யார்? அதெல்லாம் வறுமைக்குச் சாட்சியா?

வண்ணக்குழம்பு: அவருடைய 'வயதான கிதார்க்காரர்' ஓவியத்துக்கு அடியிலும் ஒரு பெண் உருவம் இருக்கிறது. அந்த கேன்வாஸும் பிடிக்காமல்தான் போனதா?

கரித்துண்டு: அது கேன்வாஸே இல்லை, மரப்பலகை! இதுகூடத் தெரியாமல் ஊருக்கு வைத்தியம் சொல்ல வந்துவிட்டீர்கள்.

ஈரத்தாள்: நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். நேர்காணல் முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் நீர்வண்ணம் தீட்டினேன். ஈரம் காயுமுன் ஓரத்தில் சாயம் வழிந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் போனை எடுக்கத் தோன்றவில்லை. வேலை கிடைக்கவில்லை. ஆனாலும் ராத்திரி தூக்கம் வந்தது.

கரித்துண்டு: தூக்கம் வந்தது சரி, வாடகை யார் கட்டினார்கள்? பசங்களுக்கு வேண்டியது சம்பளம். அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் தூரிகையைக் கையில் கொடுத்து உட்கார வைப்பது ஏமாற்று.

ஈரத்தாள்: வாடகை கட்டும் என்று நான் எங்கே எழுதினேன்? போன மாதம் என் படத்தைக் 'குழந்தைக் கிறுக்கல்' என்றவர்தானே நீங்கள்? மறக்கவில்லை.

கரித்துண்டு: கிறுக்கலைக் கிறுக்கல் என்றுதான் சொல்ல முடியும். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

வண்ணக்குழம்பு: அவர் படத்தை விடுங்கள். பலகையோ துணியோ, புதிதாக ஒன்று வாங்க முடிந்தவர் ஏன் பழையதை எடுத்தார்? இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கரித்துண்டு: சொல்லியாயிற்று. பிடிக்கவில்லை, மேலே தீட்டினார். நீங்கள் முதலில் காசாகெமாஸுக்குப் பதில் சொல்லுங்கள்.

வண்ணக்குழம்பு: நண்பர் செத்த துக்கமும் காசில்லாத கவலையும் ஒரே ஆளுக்கு வரக்கூடாதா?

கரித்துண்டு: நேற்று 'வறுமை' மட்டும்தானே எழுதினீர்கள்? இப்போது துக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறீர்கள். பலகையைக் கேன்வாஸ் என்றவர்தானே!